பன்னிரண்டரை மணி ரீடிங்

நவம்பர் 20, திங்கள்

ஓசூரிலிருந்து மகள் ஜெனிதா அனுப்பிய சர்க்கரை மீட்டர் சனிக்கிழமை கூரியரில் வந்தது. இன்றுதான் பிரித்தேன். முப்பத்தோரு வருஷம் மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுத்தவனுக்கு ரிட்டயரான பிறகும் மீட்டர்தான் பரிசு. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. விரலில் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் தொட்டால் ஐந்து நொடியில் எண் வந்துவிடுகிறது. கூடவே இந்த டைரியும் வாங்கி வைத்துக்கொண்டேன். எண்ணை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

காலை வெறும் வயிற்றில் என் மனைவி தங்கபுஷ்பத்துக்கு 124. பதினொரு வருஷச் சர்க்கரைக்காரிக்கு இது நல்ல எண். இன்சுலின் காலை பதினாலு யூனிட், ராத்திரி எட்டு. நான்தான் போட்டுவிடுகிறேன். ஊசியைக் கண்டாலே அவள் கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள்.

பட்டறையில் வேலை கூடிவிட்டதாம். அருள்ராஜ் தம்பியின் கடலைமிட்டாய்ப் பட்டறையில் பத்தொன்பது வருஷமாக இவள்தான் பாகு பதம் பார்க்கிறவள். வலது கையால் கரண்டியைக் கிண்டிக்கொண்டே, இடது கையால் தண்ணீரில் விட்ட சொட்டை எடுத்து விரல்களில் உருட்டிப் பார்ப்பாள். அவள் சரி என்று சொன்னால்தான் கடலையைக் கொட்டுவார்கள். இப்போது மழையில் வெல்லம் இளகி வந்திருக்கிறது, பாகு நிற்கமாட்டேன் என்கிறது என்றாள். அதற்காக இன்றிலிருந்து டின்னில் குளுக்கோஸ் பாகு வாங்கிக் கலக்கிறார்களாம். "தேன் மாதிரி இருக்குங்க, தொட்டா விடமாட்டேங்குது" என்றாள்.

நவம்பர் 21, செவ்வாய்

386.

வழக்கம்போல் மதியச் சாப்பாட்டை சைக்கிளில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பன்னிரண்டரை மணி. மீட்டரையும் கொண்டு போயிருந்தேன். பல நேரங்களில் பார்க்கணும் என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது. அடுப்படியிலிருந்து வெளியே வந்து வேப்பமரத்தடியில் இடது கையை நீட்டினாள். மோதிரவிரல். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துத்தான் குத்தினேன். 386. அடுத்த விரலில் 371. மறுபடி 402.

அவளிடம் 186 என்று சொன்னேன். "அவ்வளவுதானா" என்று சோற்றுத் தூக்கைத் திறந்துவிட்டாள்.

அவளுடைய அம்மாவுக்கு இதே சர்க்கரையால் முதலில் கால் சுண்டுவிரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கையெழுத்துப் போட்டவன் நான். மூன்றாவது கையெழுத்துக்குப் பிறகு அந்த அம்மாள் ஒரு மாதம்கூட இருக்கவில்லை. சைக்கிளை மிதித்து வீடு வரும்வரை எனக்கு அதே நினைப்பு. பயமாக இருக்கிறது.

நவம்பர் 22, புதன்

காலை 119. மதியம் 394.

மீட்டரில் கோளாறு இருக்கலாம் என்று கம்பெனியின் புகார் எண்ணுக்கு அடித்தேன். தமிழுக்கு ஒன்று, புகாருக்கு மூன்று, பிறகு இருபது நிமிஷம் பாட்டு. நம் பொறுமையைச் சோதிக்கவே அந்தப் பாட்டைத் தேர்ந்தெடுப்பார்கள் போல. கடைசியில் சங்கவி என்று ஒரு பெண். குரல் சின்னப்பிள்ளைக் குரல்.

"டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி பேஷண்ட் கையை சோப்புப் போட்டு, தண்ணியில கழுவி, நல்லா காய வச்சீங்களா சார்?"

"ஸ்பிரிட் போட்டுத் துடைக்கோம்மா. ஆஸ்பத்திரியிலேயே அதுதான்."

"கழுவினீங்களா சார்?"

"என் பெஞ்சாதி கை உங்க ஆபீஸை விட சுத்தமா இருக்கும்" என்றேன். அந்தப் பெண் புகார் எண் கொடுத்தாள். மீட்டரைச் சரிபார்க்க ஒரு சோதனைத் திரவம் உண்டாம். ஸ்டாக் இல்லையாம். வந்ததும் அனுப்புவார்களாம்.

நவம்பர் 23, வியாழன்

மதியம் 379. டாக்டர் ஹெப்சிபா கிளினிக் பூட்டியிருக்கிறது. மகள் பிரசவத்துக்கு வெளியூர் போயிருக்கிறார், டிசம்பர் நாலாம் தேதிதான் வருவார் என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கிறது. வேறு டாக்டரிடம் போகலாம் என்றால் தங்கபுஷ்பம் மாட்டேன் என்கிறாள். முதலிலிருந்து கதை சொல்ல முடியாதாம்.

நவம்பர் 24, வெள்ளி

'உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. நன்றி' என்று கம்பெனியிடமிருந்து செய்தி. யாரும் வரவில்லை, போன்கூட இல்லை, தீர்ந்துவிட்டதாம்! மறுபடி அடித்தேன். பாட்டு. இந்தத் தடவை ஒரு பையன். அவனும் முதல் கேள்வியாகக் கை கழுவினீர்களா என்றான். எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிறார்கள். நாம் சொல்வது ஒன்று, அவர்கள் கேட்பது ஒன்று. போனை வைத்துவிட்டேன்.

ஒரு மீட்டர் சரியா என்று பார்க்க எனக்குத் தெரியாதா? சந்தேகமில்லாத இடத்தில் வைத்துப் பார்க்கணும். சாயங்காலம் என் விரலில் குத்திப் பார்த்தேன். 97. மறுபடி 99. எனக்குச் சர்க்கரை கிடையாது.

அப்படியென்றால் மீட்டர் சரி.

நவம்பர் 26, ஞாயிறு

பட்டறை லீவு. மதியம் பன்னிரண்டரைக்கு வீட்டில் வைத்துப் பார்த்தேன். 138.

இரண்டு தடவை எண்களை வரிசையாக எழுதிப் பார்த்துவிட்டேன். பட்டறைக்குப் போகிற நாள் மட்டும் ஏறுகிறது. வீட்டில் இருந்தால் ஏறவில்லை. சர்வீஸில் இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். கணக்குக்கு வராமல் மின்சாரம் போகிறது என்றால் எங்கோ ஒரு கொக்கி போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பல தடவை கூரை மேல் ஏறிக் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

அவள் மத்தியானம் பூண்டு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னங்க, என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

நவம்பர் 27, திங்கள்

மதியம் 391. சாயங்காலம் கேட்டேவிட்டேன்.

"பட்டறையில மிட்டாய் வாயில போடுதியா?"

"என்ன கேக்கீங்க?"

"கோவப்படாத. ஒரு துண்டு, ரெண்டு துண்டு. உதிர்ந்தது, உடைஞ்சது. மனுஷ வாய்தானே."

"பதினோரு வருஷமா நான் வாயில வைக்கலங்க. பதம் பாக்குறதுகூட விரல்லதான். உங்களுக்குத் தெரியாதா?"

"மீட்டர் வேற சொல்லுதே."

"அப்ப மீட்டரையே கட்டிக்கிட்டு இருங்க" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

முப்பத்தோரு வருஷமும் ஜனங்கள் என்னிடம் இதையேதான் சொன்னார்கள். நாங்க இவ்வளவு எரிக்கல சார், உங்க மீட்டர்தான் ஓடுது. எத்தனை பேர் சத்தியம் பண்ணியிருக்கிறார்கள். மீட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது, மனுஷனுக்குத்தான் தெரியும் என்று சிரித்துக்கொண்டே எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.

அருள்ராஜ் தம்பிக்கு மட்டும் போனில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். அவள் நல்லதுக்குத்தான்.

நவம்பர் 28, செவ்வாய்

காலை ஊசி 16 யூனிட். முந்நூறு தாண்டினால் ரெண்டு யூனிட் கூட்டிக்கொள்ளலாம் என்று போன வருஷம் டாக்டரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 30, வியாழன்

18. ஆனாலும் மதியம் 388.

சாப்பாடு கொண்டு போனபோது மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. மழைக்காற்று அடிக்கிறது, இவளுக்கு வேர்க்கிறது. கை வெடவெட என்று ஆடியது. சர்க்கரை கூடினால் இப்படித்தான் இருக்கும்போல.

"என்னமோ கெறக்கமா வருது. ஒரு துண்டு மிட்டாய் போட்டா நின்னுரும்போல இருக்குங்க" என்றாள்.

பார்த்தீர்களா! தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். நான் முறைத்த முறைப்பில், "போடலங்க, சும்மா சொன்னேன்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். கூட வேலை செய்யும் கோமு கொஞ்சம் தள்ளி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

டிசம்பர் 1, வெள்ளி

20.

கம்பெனியை இன்னும் விடவில்லை. ஏன் விடவில்லை என்று கேட்டால், மீட்டர் தப்பாக இருந்தால் அவள் திருடவில்லை என்று ஆகும். அதற்காக இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம் என்று தோன்றியது. பரிசோதனை செய்வதை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். மதியம் கோமுவிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னேன். ஸ்பிரிட் துடைப்பதிலிருந்து எண் வரும் வரைக்கும் எல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறது. 405.

டிசம்பர் 2, சனி

கம்பெனியின் பதில் வந்தது. 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, வீடியோவில் விரலில் ஏதோ ஒட்டியிருப்பதாகத் தெரிகிறது. கையை சோப்பால் கழுவி, மீண்டும் பரிசோதித்து வீடியோ அனுப்பவும்.'

இவர்களுக்கு வேறு வேலையே இல்லை. வாடிக்கையாளர் அழுக்கு, கம்பெனி சுத்தம்! நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்று நாலு பத்தி எழுதி அனுப்பினேன். எழுதியபின் மனசு கொஞ்சம் ஆறியது.

22.

டிசம்பர் 3, ஞாயிறு

மதியம் வீட்டில் 61.

முதலில் சந்தோஷப்பட்டேன், மருந்து வேலை செய்கிறது என்று. பிறகு புத்தகத்தைப் பார்த்தால் எழுபதுக்குக் கீழே போனால் குறைவு என்று போட்டிருக்கிறது. அவளும் தட்டைக் கீழே போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வாழைப்பழம் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டாள்.

யோசித்துப் பார்த்ததில், ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் திருட்டுத் தீனி கிடைப்பதில்லை, அதனால் மருந்து மிஞ்சுகிறது. இனி ஞாயிறு பழைய அளவு, வாரநாளில் புது அளவு. தனித்தனியாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டேன்.

டிசம்பர் 4, திங்கள்

டாக்டர் வந்துவிட்டார். கிளினிக் வாசல்வரை போனேன். கூட்டம் அதிகம். வியாழக்கிழமை போய்க்கொள்ளலாம். அதற்குள் எண்ணைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் டாக்டரிடம் காட்ட நன்றாக இருக்கும்.

24. மதியம் 397.

டிசம்பர் 5, செவ்வாய்

26.

காலையில் காபியில் உப்பைப் போட்டுவிட்டாள். ஜெனிதா பேரைச் சொல்லிக் கூப்பிடப் போய் செத்துப்போன தன் தங்கச்சி பேரைச் சொன்னாள். விடிகாலையில் எழுப்பியபோது சட்டை முழுக்க வேர்வை. தலையணை நனைந்திருந்தது.

"எனக்குப் பயமா இருக்குங்க. அம்மாவுக்கு வந்த மாதிரி எனக்கும் வருதோ?"

"வராது. நான் விடமாட்டேன்."

"நான் ஒண்ணும் திங்கலங்க."

ஊசியைப் போட்டேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

மதியம் 408.

டிசம்பர் 6, புதன்

ஆஸ்பத்திரி. உயிர் இருக்கிறது.

டிசம்பர் 7, வியாழன்

வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே தூங்குகிறாள். கையில் குளுக்கோஸ் ஏறுகிறது.

நேற்றுப் பன்னிரண்டரைக்கு நான் சாப்பாட்டோடு போனபோது பட்டறை வாசலில் கூட்டம். பாகுச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்தவள் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறாள். முன்பக்கம் சாய்ந்திருந்தால் என்னாகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. கூப்பிட்டால் ஒரு சத்தமும் இல்லை. பல் கிட்டிப்போயிருந்தது. நான் மீட்டரை எடுத்துப் பார்த்தேன். 412. 108-க்குப் போன் போட்டார்கள், வண்டி வர இருபது நிமிஷம் ஆனது.

ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் பிள்ளை ரத்தம் எடுக்க விரலைப் பிடித்ததும், "என்ன இப்படிப் பிசுபிசுங்குது?" என்று கேட்டுக்கொண்டே தண்ணீர்ப் பஞ்சால் ஐந்து விரலையும் தேய்த்துத் துடைத்தாள். பிறகு குத்தினாள். 31.

"இல்லம்மா, நானூத்திப் பன்னெண்டு" என்று என் மீட்டரைக் காட்டினேன். டூட்டி டாக்டர் என் மீட்டரை வாங்கி, அதே துடைத்த விரலில் தொட்டுப் பார்த்தார். 33.

ஊசி மூலமாகச் சர்க்கரை ஏற்றியதும் முதலில் கால் அசைந்தது. அப்புறம் கண்ணைத் திறந்து, "தூக்குல ரசம் கொட்டிருச்சா?" என்று கேட்டாள்.

டூட்டி டாக்டர் அரும்பு மீசைக்காரர், ஆனால் பொறுமையாகச் சொன்னார். "மீட்டர் மேல தப்பில்ல சார். விரல் மேல இருந்த பாகையும் சேத்து அளந்திருக்கு. குளுக்கோஸ் பாகுன்னா கொஞ்சம் ஒட்டியிருந்தாலே போதும். ஸ்பிரிட்டுக்கு அது போகாது, தண்ணி ஊத்திக் கழுவணும். அம்மாவுக்கு சுகர் நார்மலாத்தான் இருந்திருக்கு. அதுல இருபத்தாறு யூனிட்..." என்று நிறுத்திக்கொண்டார்.

பிறகு விவரமெல்லாம் கேட்டார். சொன்னேன்.

டிசம்பர் 8, வெள்ளி

சங்கவி போன் பண்ணினாள். என் புகார் மேலிடத்துக்குப் போய், விதிவிலக்காக ஏற்றுக்கொண்டார்களாம். புது மீட்டர் அனுப்பியாகிவிட்டதாம்.

"எங்க சேவைக்கு ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள எவ்வளவு மார்க் குடுப்பீங்க சார்?"

"முதல் நாளே கை கழுவச் சொன்னது நீதானேம்மா?"

"சார்?"

"இல்ல, ஒண்ணுமில்ல. அஞ்சு போட்டுக்க."

டிசம்பர் 9, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஜெனிதா ஓசூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் கிளம்பிக் காலையில் வந்து இறங்கினாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தை எடுத்து வாசித்தாள். வாசிக்க வாசிக்க முகம் மாறியது.

"என்னம்மா இது? 'நோயாளி மருத்துவர் ஆலோசனையின்றித் தாமாகவே இன்சுலின் அளவைக் கூட்டிக்கொண்டதாகக் கணவர் தெரிவித்தார்'. நீயா கூட்டுனே? உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? செத்திருப்ப!"

தங்கபுஷ்பம் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு மகளைப் பார்த்து, "ஆமாடி. தெரியாமப் பண்ணிட்டேன்" என்றாள்.

முந்தாநாள் இந்த டைரியில் 'சொன்னேன்' என்று எழுதினேன். இதைத்தான் சொன்னேன். யார் கூட்டியது என்று அந்த டூட்டி டாக்டர் கேட்டதும், யோசிக்காமல் என் வாயில் அதுதான் வந்தது.

ஜெனிதா திட்டிக்கொண்டே இருந்தாள். தங்கபுஷ்பம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. "உங்கம்மா இல்லட்டி. நான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பதினாறு, பதினெட்டு, இருபது. ஃபிரிட்ஜில் இருந்த காகிதத்தைக் கிழித்து மகள் கையில் கொடுத்தேன். டாக்டர் வந்த பிறகும் திட்டுவார் என்று பயந்து வாசலோடு திரும்பிவந்ததையும் சொன்னேன்.

ஒன்றை மட்டும் மகளிடம் சொல்ல முடியவில்லை. இங்கேயாவது எழுதிவிடுகிறேன். புதன்கிழமை நான் உள்ளே நுழைந்தபோது கோமு தங்கபுஷ்பத்தின் தலையை மடியில் சாய்த்து வைத்திருந்தது. நான் மீட்டரில் எண்ணைப் பார்த்து நிமிர்ந்தபோது, விரல் நிறைய வெல்லப் பாகை எடுத்து அவள் ஈறில் தடவப் போனது. "மைனிக்கு சுகர் இறங்கியிருக்கு அண்ணாச்சி, எங்க மாமாவுக்கும் இப்படித்தான் வரும்" என்று கத்தியது. நான் அந்தக் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். நானூத்திப் பன்னெண்டு இருக்கு, கொல்லப் பாக்கியா என்று கேட்டேன். பாகு சுவரில் போய் ஒட்டியது. அதற்குப் பிறகுதான் அந்த இருபது நிமிஷம். வண்டி வரும்வரை நான் மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு காவல் நின்றேன், யாரும் அவளுக்கு இனிப்புக் கொடுத்துவிடாமல்.

டிசம்பர் 10, ஞாயிறு

ஜெனிதா ஊருக்குக் கிளம்பினாள். என்னிடம் பேசவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "அம்மாவைப் பாத்துக்குங்கன்னு சொல்லக்கூட பயமா இருக்குப்பா" என்றாள்.

டாக்டர் ஹெப்சிபாவிடமும் போய் உண்மையைச் சொல்லி, திட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். பழைய பதினாலுக்கும் கீழே, இப்போதைக்குப் பத்து. மருந்தை இனி தங்கபுஷ்பமே போட்டுக்கொள்கிறாள். கண்ணைத் திறந்துகொண்டே. ஊசி கையில் நழுவுகிறது. நான் பிடிக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

டிசம்பர் 11, திங்கள்

காலையில் பட்டறைக்குப் போனேன். அருள்ராஜிடம் நான் சொன்ன வார்த்தையை நானே திரும்ப எடுக்க வேண்டும் அல்லவா. முதலில் கோமுவிடம் போய் நின்றேன். "மைனி எப்படி இருக்காக?" என்று அதுவே கேட்டது. நல்லாயிருக்கா என்றேன். நீ அப்பவே காப்பாத்தியிருப்ப, நான்தான் கெடுத்தேன் என்றேன். அது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டது.

அருள்ராஜ் தம்பியிடம் எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னேன். "தங்கபுஷ்பம் ஒரு துண்டு மிட்டாய்கூட வாயில வச்சதில்ல தம்பி. நான் சொன்னது பொய். என் தப்பு."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என்னைத் தனியாகக் கூட்டிப்போனார்.

"அண்ணாச்சி, நீங்க பாத்துக்கிடச் சொன்னீங்க. நானும் உங்க பேச்சை நம்பி... கேட்டுல நிக்க வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டேன். ஏழு நாளு சாயங்காலம் அக்கா பையைத் தொறந்து பாத்துத்தான் விட்டோம். தூக்குவாளியும் தொறந்து பாத்தோம். மத்தவங்க எல்லாரும் வரிசையில நின்னுக்கிட்டு இருப்பாக. அக்கா மட்டும்."

"அவ ஒண்ணும் சொல்லலியா?"

"மொத நாளு மட்டும் யாரு சொன்னதுன்னு கேட்டாக. நான் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல. கேட் வாசலுக்கு வந்ததும் அவுகளே பையைத் தொறந்து காட்டிட்டுப் போவாக."

பத்தொன்பது வருஷம் அந்தப் பட்டறையில் அவள் கையைக் கேட்காமல் யாரும் கடலையைக் கொட்டியதில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். ஏறி மிதிக்கத் தோன்றவில்லை.

வீட்டில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் நானும் கீரை ஆய்ந்தேன்.

"பட்டறைக்குப் போயிட்டு வாரேன்."

"ம்."

"வாட்ச்மேன் பையைப் பாத்ததை அருள்ராஜ் சொன்னான்."

கை நிற்கவில்லை. முற்றிய காம்பைத் தனியாகப் போட்டாள்.

"ஏழு நாள் தங்கம். வீட்டுக்கு வந்து எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரிக் கேட்டாள்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

நான் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நம்பியிருக்க மாட்டேன். பை காலி என்றால் வயிற்றில் இருக்கிறது என்று எழுதியிருப்பேன், மறுநாள் ரெண்டு யூனிட் கூட்டியிருப்பேன். இதை இங்கே எழுதிவிட்டேன். அவளிடம் போய்ச் சொல்ல இன்னும் எழுந்திருக்கவில்லை.